கறுப்புக் கோட் கடைசியில்தான்: வன்னியில் சட்டத்தரணி அலுவலக வேலைக்கு உடுப்பு ஆயத்தம் செய்வது எப்படி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள சட்டத்தரணி அலுவலகங்களில் புதிதாகச் சேருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுவினைஞர், தட்டச்சு செய்யும் பிள்ளை, 6 மாதப் பயிற்சிக்கு வரும் சட்டக் கல்லூரி மாணவர், சத்தியப்பிரமாணம் செய்த கையோடு ஊருக்கு வரும் இளம் சட்டத்தரணி என எல்லோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எங்கெங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

வேலை கிடைத்ததும் பலர் செய்வது ஒன்றுதான். நேரே உடுப்புக் கடைக்குப் போய் முதலில் கோட் அல்லது வெள்ளைச் சேட் வாங்குவார்கள். மிஞ்சிய காசில் ஒரு சப்பாத்து. முதல் சம்பளம் கைக்கு வருமுன்னமே சப்பாத்தின் அடி வாய் பிளந்துவிடும், சேட் மஞ்சளித்துவிடும், கோட் கதிரையில் சும்மா தொங்கும். வாங்கும் ஒழுங்கு தலைகீழாகப் போனதால் வரும் வினை இது. நாங்கள் கீழேயிருந்து மேலே போவோம்: விசாரிப்பது, பாதை, சப்பாத்து, காற்சட்டை அல்லது சேலை, சேட், தையல், துவைப்பு, கடைசியில் கோட்.

1. அலுவலகத்தில் நீங்கள் யார் என்று தெளிவாகுங்கள்

நீதிமன்றத்தில் முன்னிலையாகும் சட்டத்தரணிகள் என்ன உடுக்க வேண்டும் என்பதை உயர் நீதிமன்ற விதிகள் வகுத்திருக்கின்றன. ஆண்களுக்குக் கறுப்புக் கோட், வெள்ளைச் சேட், கறுப்பு ரை. பெண்கள் வெள்ளை, கறுப்பு, சாம்பல் போன்ற அடக்கமான நிறங்களில் சேலை உடுத்து வருவதை நீதிமன்ற வளவில் தினமும் பார்க்கலாம். அலுவலகப் பணியாளர்களுக்கு அப்படி எழுதி வைத்த விதி இல்லை. ஆகவே புதியவர்கள் சட்டத்தரணியைப் பார்த்து அப்படியே உடுத்து வந்துவிடுகிறார்கள்.

எழுதுவினைஞர் வெள்ளைச் சேட்டும் கறுப்பு ரையும் போட்டுக்கொண்டு நீதிமன்ற வளவில் நின்றால் என்ன நடக்கும்? தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மா அவரிடம் வந்து, “தம்பி, நீங்களோ லோயர்? எங்கட வழக்கைக் கொஞ்சம் பாருங்கோவன்” என்று கோவையை நீட்டுவார். இல்லை என்று விளக்குவதற்குள் நாலு பேர் பார்த்துவிடுவார்கள். வாசலில் ஆள் பிடிக்கும் தரகர் என்ற சந்தேகம் உங்கள் மேல் விழுந்தால், அது உங்கள் சட்டத்தரணியின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கும். எனவே சட்டத்தரணி அல்லாதவர்கள் கறுப்பு ரை, கறுப்புக் கோட் இரண்டையும் தொடவே வேண்டாம்.

பயிற்சி மாணவர்கள் தாங்களாக ஒன்றையும் தீர்மானிக்கக் கூடாது. நீதிமன்றத்துக்குள் எதை உடுத்து வரலாம், எங்கே இருக்கலாம் என்பதை உங்கள் சீனியரிடமே கேளுங்கள். வேலை தொடங்க முன்னம் அலுவலகத்தில் பழைய ஆள் ஒருவரிடம் இவற்றையும் விசாரித்து வையுங்கள்: கிழமையில் எத்தனை நாள் நீதிமன்றம் போக வேண்டி வரும்? பஞ்சாபி உடுக்கலாமா, சேலைதான் வேண்டுமா? உடுப்பு மாற்றப் பூட்டக்கூடிய அறை இருக்கிறதா? சப்பாத்து வைக்க இடம் உண்டா? கடைசி இரண்டுக்கும் கிடைக்கும் பதிலைப் பொறுத்து நீங்கள் வாங்க வேண்டிய சாமான்கள் பாதியாகக் குறையலாம்.

2. கிழமையை வேலை வாரியாகப் பிரியுங்கள்

“அலுவலக உடுப்பு” என்று ஒரே வகையை வாங்கி அடுக்குவதில்தான் காசு வீணாகிறது. சட்டத்தரணி அலுவலகத்தில் ஒரு நாள்போல இன்னொரு நாள் இருக்காது.

நீதிமன்றத் தவணை (வழக்குக் கூப்பிடும் நாள்) உள்ள நாளில் நிற்பதும் நடப்பதும்தான் கூட. அன்றைக்கு நீளக்கைச் சேட், மூடிய சப்பாத்து, நேர்த்தியாக உடுத்த சேலை.

பதிவறை, காணிப் பதிவகம், பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று அலையும் நாளில் தூசு பிடித்த கோவைகளைக் குனிந்து எடுக்க வேண்டும், வரிசையில் வியர்க்க நிற்க வேண்டும். அன்றைக்கு வெள்ளை வேண்டாம். சட்டத்தரணியாக இருந்தாலும் நீதிமன்றத்தில் வேலையில்லாத நாளில் வெளிர்நீலமோ சாம்பலோ போடலாம்.

காணி உறுதி எழுதி முடிக்கும் நாள் தனி ரகம். நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமும் பெருவிரல் அடையாளமும் வைக்கும்போது மைத்தட்டைப் பிடிப்பது பெரும்பாலும் எழுதுவினைஞர்தான். முதியவர் ஒருவரின் விரலைப் பிடித்து மையில் உருட்டிக் கடதாசியில் பதித்துவிட்டுக் கையை எடுக்கும்போது, அந்த விரல் உங்கள் சேட் கையின் விளிம்பில் உரசும். மூலம், பிரதி, நொத்தாரிசு வைத்துக்கொள்ளும் பிரதி என்று ஒவ்வொன்றிலும் பதிக்க வேண்டும். ஒரு தடவை தப்பினாலும் மற்றத் தடவை பிடிக்கும். அன்றைக்கு அரைக்கைச் சேட், அல்லது முழங்கை வரை மடித்த நீளக்கை. வளையல் காப்புகளைக் கழற்றி வையுங்கள். மை பட்டால் உரசாதீர்கள், அகலித்துவிடும். கடதாசித் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு மற்றதை வீட்டில் பாருங்கள்.

காணி பார்க்கப் போகும் நாளும் வரும். நில அளவையாளரோடு எல்லைக் கல் தேடி ஒட்டுசுட்டான் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ பற்றைக்குள் இறங்கினால் ஒட்டுப்புல்லும் விடத்தல் முள்ளும் உங்கள் அலுவலக உடுப்பைப் பார்த்து இரங்கப் போவதில்லை. அந்த நாளுக்குத் தடித்த பழைய காற்சட்டை, பெண்களுக்கு நெருக்கமாக நெய்த துணியில் பஞ்சாபி. அங்கே சேலையோடு போன பிள்ளைகள் பின்னேரம் முழுக்க கொய்யகத்தில் ஒட்டியிருக்கும் புல்லைப் பிடுங்கிக்கொண்டு இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

3. பாதையை ஒரு தடவை ஒத்திகை பாருங்கள்

வன்னியில் உடுப்பைத் தீர்மானிப்பது பாதைதான். ஏ9, ஏ35 போன்ற பெருந்தெருக்கள் காப்பெற் போட்டவை. அங்கே பிரச்சினை குறைவு. வீட்டு வாசலிலிருந்து பெருந்தெரு வரையுள்ள ஒழுங்கையும் கிரவல் ரோட்டும்தான் உடுப்பைத் தின்கின்றன. விசுவமடுவிலிருந்தோ தர்மபுரத்திலிருந்தோ பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு வருபவருக்குப் பஸ் ஏறியபின் ஒன்றும் ஆகாது. பஸ் ஏறுமுன்னமே காற்சட்டையின் அடி சிவந்திருக்கும்.

வேலை தொடங்குவதற்கு முந்திய கிழமையில் ஒரு நாள், அதே நேரத்துக்கு, அதே வழியால், பழைய வெளிர்நிறச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போய் வாருங்கள். அலுவலக வாசலில் நின்று உங்களை நீங்களே பாருங்கள். சேட்டின் நெஞ்சுப் பகுதியில் தூசு என்றால் மோட்டார் சைக்கிளில் மேலே ஒரு பழைய மேற்சட்டை போட வேண்டும். முழங்காலுக்குக் கீழே என்றால் சப்பாத்தும் காற்சட்டை நீளமும் பிரச்சினை. முதுகு நனைந்திருந்தால் துணி பிழை, அல்லது நீங்கள் ஒரு பஸ் முந்தி வந்து ஆற வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று அடிக்கும்போது தூசு, ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மாரியில் சேறு. எந்தக் காலத்தில் சேருகிறீர்களோ அந்தக் காலத்துக்கு முதலில் வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரேயடியாக வாங்கத் தேவையில்லை.

4. முதல் செலவு சப்பாத்து

கையில் இருக்கும் காசில் கூடிய பங்கு இதற்குப் போகட்டும். சேட் மலிவாக இருந்தாலும் நன்றாக அயன் பண்ணினால் தெரியாது. மலிவான சப்பாத்து ஒரு மாரியைத் தாண்டாது.

கறுப்பு, மூடிய முன்பக்கம், அலங்காரம் இல்லாதது. அடி றப்பராக இருக்க வேண்டும். வழுவழுப்பான அடியோடு மழைநாளில் நனைந்த தரையோட்டில் கோவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவருக்கு ஏன் என்று தெரியும். பெண்களுக்குத் தட்டையான அல்லது சிறிய குதியுள்ள மூடிய சப்பாத்து. கூரான குதி கிரவலில் புதையும், நீதிமன்ற அமைதியில் டக் டக்கென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

பின்னேரத்தில் போய் அளவு பாருங்கள். பகல் முழுக்க நின்றபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், வேலை நாளில் இருக்கப்போகும் அளவும் அதுதான். நீங்கள் போடப்போகும் மேசோடு போட்டுப் பாருங்கள்.

சப்பாத்தோடு கிரவல் ரோட்டில் நடக்காதீர்கள். செருப்போடு வந்து அலுவலகத்தில் மாற்றுங்கள். வைக்க இடம் இல்லையென்றால் துணிப்பையில் கொண்டு வாருங்கள். பொலித்தீன் பையில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னொன்று. சத்தியப்பிரமாணத்துக்கென்று கொழும்பில் வாங்கி, அன்று ஒரு நாள் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைத்த சப்பாத்தை நம்பி முதல் தவணைக்குக் கிளம்பாதீர்கள். சில செயற்கை அடிகள் பாவிக்காமல் வருடக்கணக்கில் வைத்தால் தானாகவே உக்கிப் பொடியாகும். வெளியே புதிதுபோலத்தான் இருக்கும், நாலு அடி நடந்தபின் அடித்துண்டு பின்னால் கிடக்கும். எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, வீட்டு முற்றத்தில் அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள்.

5. காற்சட்டை, சேலை, பஞ்சாபி

கறுப்பு பாதுகாப்பான நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். செம்மண் பூமியில் அதுதான் மோசம், ஒவ்வொரு தூசும் எழும்பித் தெரியும். சட்டத்தரணி அல்லாத ஆண்களுக்கு என் முதல் தெரிவு கடுஞ்சாம்பல், அடுத்தது கடும் மண்ணிறம். சட்டத்தரணிகளுக்குக் கறுப்பு தேவைப்படும், அவர்கள் 8ஆம் பகுதியில் சொல்லும் தூரிகையை மறக்கக் கூடாது.

துணியில் முழுப் பொலியெஸ்ரர் வேண்டாம், காற்று போகாமல் காலோடு ஒட்டும். முழுப் பருத்தி பஸ்ஸில் இருந்து எழும்பும்போதே கசங்கியிருக்கும். கலப்புத் துணிதான் இங்கே சரி. கடையில் ஒரு மூலையைக் கைக்குள் பொத்தி இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். மடிப்பு அப்படியே நின்றால் வையுங்கள் திரும்ப.

காற்சட்டை அடி சப்பாத்தின் மேற்பக்கத்தை மெல்லத் தொட்டால் போதும். குதிவரை இறங்கினால் சேற்றைக் கூட்டி அள்ளும். தொடங்குவதற்கு 2 காற்சட்டை போதும், ஜீன்ஸ் கறுப்பாக இருந்தாலும் அதில் சேராது.

சேலையில் பாரம்தான் முக்கியம். மிக மெல்லிய வழுக்கும் துணி தோளில் நில்லாது, நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தடித்த கைத்தறி அழகு, ஆனால் சித்திரை வெயிலில் கஞ்சி போட்டு உடுத்துப் பஸ்ஸில் நின்றால் பத்து மணிக்கே களைத்துவிடுவீர்கள். மெல்லிய பருத்திக் கலப்புச் சேலையில் போல்ஸ் (கீழ்க்கரையின் உட்புறத்தில் வைக்கும் துணிப்பட்டி) தைத்து உடுப்பது நடுவழி. போல்ஸ் கரையைச் சேற்றிலிருந்து காக்கும், கொய்யகத்தையும் கீழே இழுத்து நிறுத்தும்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வருபவர்கள் தலைப்பை இடுப்பைச் சுற்றி முன்னால் செருகியபின்தான் ஏற வேண்டும். சில்லுப் பக்கத்தில் சேலைக் காப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இது அழகுக்கான ஆலோசனை இல்லை, சில்லுக்குள் தலைப்புப் போனால் உயிருக்கே ஆபத்து. பூட்டக்கூடிய அறை இருக்கும் அலுவலகம் என்றால் பஞ்சாபியோடு வந்து அங்கே சேலை மாற்றுவதுதான் புத்தி. அதற்காக அரை மணித்தியாலம் முந்தி வர வேண்டும்.

பஞ்சாபி அனுமதி உள்ள இடத்தில் முழங்காலுக்குக் கீழே நீளம், முழங்கை வரை கை, இரு பக்கமும் ஊசி குத்திய சால். மணி, கண்ணாடி வேலைப்பாடு வேண்டாம். கோவைக் கயிற்றில் மாட்டும்.

6. சேட்

தொடங்க 3 போதும்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று அயன் பண்ணி அலுமாரியில். மாரி வந்தால் 5 தேவைப்படும், ஏனென்றால் கொடியில் போட்டது மூன்று நாளானாலும் காயாது.

சட்டத்தரணிக்கு வெள்ளை தவிர்க்க முடியாதது. மற்றவர்களுக்கு வெளிர்நீலம், வெளிர்சாம்பல், மெல்லிய கோடு போட்டது. கண்ணைப் பறிக்கும் மினுங்கல் சேட்டுகள் கலியாண வீட்டுக்கு இருக்கட்டும்.

வெள்ளைச் சேட் வாங்கும்போது அதற்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வியர்த்தபின் உடம்பு முழுக்கத் தெரியும். உள்ளே கை வைத்த பெனியன் போடுங்கள், கையில்லாததைவிட அது அக்குள் வியர்வையை உறிஞ்சும். வெயிலுக்கு ஒரு துணி கூடுதலா என்று முறைப்பாடு சொல்பவர்கள் ஒரு தவணை முடிந்து வெளியே வந்ததும் சம்மதிப்பார்கள்.

பேனையை நெஞ்சுப் பையில் குத்தாதீர்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்தால் மை இளகி ஒழுகும்.

7. ரெயிலரிடம் போகும் ஒழுங்கு

முதலில் துணியை நனைத்துக் காய விடுங்கள். பருத்தி கலந்தது முதல் துவைப்பில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் போட்ட காசு போனதுதான். பிறகு சப்பாத்தைக் கையோடு கொண்டு போங்கள், அது இல்லாமல் காற்சட்டை நீளம் எடுக்க முடியாது.

அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது மட்டும் போதாது. கதிரையில் இருந்து பாருங்கள், தொடை இறுகுகிறதா? குனிந்து நிலத்தில் கிடக்கும் ஒன்றை எடுங்கள், முதுகுப் பக்கம் சேட் வெளியே வருகிறதா? இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் கோவையை எடுப்பது உங்கள் தினசரி வேலை. சேலைச் சட்டைக்கு இந்தக் கடைசிப் பரீட்சை மிக முக்கியம். கை தூக்கும்போது இடுப்பு நிறையத் தெரிந்தால் சட்டை நீளத்தை ஓர் அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். உள்தையலில் துணி விட்டுத் தைக்கச் சொல்லுவதும் நல்லது.

ஜனவரியில் பள்ளிக்கூட உடுப்பு, சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, இந்தக் காலங்களில் ரெயிலர் சொல்லும் நாளை நம்பித் தவணைக்கு உடுப்பு எதிர்பார்க்காதீர்கள். ஒரு மாதம் முந்திக் கொடுங்கள்.

8. தண்ணீர், தூரிகை, அயன்

வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்காத சவர்க்காரம் துணியில் படிந்து வெள்ளையைச் சாம்பலாக்கும். கூடச் சவர்க்காரம் போட்டால் இன்னும் படியும். குறைவாகப் போட்டு, இரண்டு தடவை அலசி, கடைசி அலசலில் வாளித் தண்ணீருக்கு ஒரு சிறு கிண்ணம் வினாகிரி விடுங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் வெள்ளைச் சேட்டுக்கு அதைவிட நல்லது இல்லை.

வாளியின் அடியில் செம்பழுப்பாகப் படிகிற தண்ணீர் என்றால் பிளீச் போடவே கூடாது. தண்ணீரில் உள்ள இரும்போடு அது சேர்ந்து சேட் முழுக்க மஞ்சள் திட்டாக்கும். மஞ்சளித்த சேட்டுக்கு மேலும் பிளீச் போட்டு மேலும் மஞ்சளாக்குவது புதியவர்கள் திரும்பத் திரும்ப விடும் பிழை.

கறுப்பு உடுப்பில் செம்மண் பட்டால் ஒழுங்கு முக்கியம். ஈரத்துணியால் உடனே துடைக்காதீர்கள், தூசு சேறாகி நூலுக்குள் இறங்கும். காய விட்டு, தூரிகையால் ஒரே திசையில் தட்டி எடுத்து, மிச்சம் இருந்தால் மட்டும் ஈரத்துணி. கறுப்பை நிழலில் உட்புறம் வெளியே தெரியத் திருப்பிக் காயப் போடுங்கள், வெயிலில் போட்டால் செம்பட்டை நிறமாகிவிடும்.

அயன் முதல்நாள் இரவே முடிய வேண்டும். காலையில் கரண்ட் போனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சேட்டில் முதலில் கழுத்துப் பட்டி, பிறகு கைகள், பிறகு முதுகு, கடைசியில் முன்பக்கம். முன்பக்கத்தை முதலில் செய்தால் மற்றவற்றைச் செய்யும்போது அது கசங்கும், எல்லோர் கண்ணும் படுவதோ அங்கேதான். கறுப்புத் துணிக்கு மேலே மெல்லிய துணி விரித்து அயன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் மினுமினுப்புத் தட்டும்.

9. அலுவலக லாச்சியில் இருக்க வேண்டியவை

ஒரு சேட் அல்லது சேலைச் சட்டை, ஒரு சோடி மேஸ், சிறு துவாய், லேஞ்சி, தூரிகை, ஊசி நூல், இரண்டு மூன்று தெறி, சேலைக்குத்தும் ஊசி, மடிக்கும் குடை. மழையில் நனைந்து வந்து ஈர மேசோடு நாள் முழுக்க இருப்பது பெரிய அவதி. மேஸ் மட்டும் மாற்றினாலே அரைவாசிச் சுகம்.

10. நகை, மணம், தலை

சுருக்கமாகச் சொல்கிறேன். சத்தம் போடும் காப்பும் கொலுசும் நீதிமன்றத்துக்கு வேண்டாம். பொட்டு, விபூதி, தலையில் பூ எல்லாம் இங்கே வழமை, அளவோடு இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சென்ட் கொஞ்சமாக, சிறு அறையில் ஆறு பேர் இருக்கும்போது அது தலையிடியாகும். தலைக்கு எண்ணெய் வைத்த கையைக் கழுவாமல் பழைய உறுதியைத் தொடாதீர்கள், அந்தக் கறை போகவே போகாது. ஹெல்மெட்டால் கலைந்த தலையை வாசலிலேயே சீவிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குள் சீப்பு எடுப்பது அழகில்லை.

11. வழக்குக் கட்சிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள்

தவணை ஞாபகப்படுத்தத் தொலைபேசி எடுக்கும்போதே உடுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வது எழுதுவினைஞரின் வேலை. முதியவர்கள் வேட்டியோடோ சாரத்தோடோ வருவார்கள், அது பரவாயில்லை. அரைக் காற்சட்டையும் படம் போட்ட ரீசேட்டுமாக வரும் பொடியனை வாசலில் நிற்கும் பொலிஸார் மறித்தால் கதை வேறு. அவனை உள்ளே விடாத நேரத்தில் பெயர் கூப்பிட்டால் வராதவன் என்று பதிவாகி, பிடியாணை வரைக்கும் போகலாம். புதுக்குடியிருப்பிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு இது பெரிய அநியாயம். சாதாரண அளவில் ஒரு நீளக் காற்சட்டையும் ஒரு சேட்டும் அலுவலகத்தில் தொங்கட்டும்.

இதோடு ஒன்று. அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர் வயலிலிருந்தோ கரையிலிருந்தோ நேரே வருகிறார்கள், ஏற்கெனவே பல கந்தோர் ஏறி இறங்கிக் களைத்தவர்கள். உங்கள் உடுப்பைப் பார்த்துக் கதிரையின் நுனியில் ஒதுங்கி இருந்தால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவார்கள். வெளியே போகும் வேலை இல்லாத நாட்களில் சட்டத்தரணிகள் கோட் கழற்றி, ரையைத் தளர்த்திவிட்டுக் கதைப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். இதை ஒத்துக்கொள்ளாத சீனியர்களும் இருக்கிறார்கள், அங்கே அவர்கள் சொல்வதுதான் விதி.

12. இனிக் கோட்

இது சட்டத்தரணிகளுக்கு மட்டும். மேலே சொன்னதெல்லாம் வாங்கி முடித்தபின் மிஞ்சும் காசைப் பார்த்துத் தீர்மானியுங்கள். முதலில் அவசரத்துக்கு ஒன்று போதும். வேலை பழகி, உங்கள் நடமாட்டம் தெரிந்தபின் நல்லதாக ஒன்று தைக்கலாம்.

துணி மெல்லியதாக இருக்கட்டும். உள்துணி முழுக்க வைக்காமல் தோளுக்கும் கைக்கும் மட்டும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். காற்று முதுகால் போய் வரும், கை நுழைப்பதும் இலகு. கொழும்புக் கடைகளில் தொங்கும் முழு உள்துணிக் கோட் குளிரூட்டிய அறைக்கு ஏற்றது. தோள் அளவு சரியாக இருப்பதே முக்கியம். இடுப்பைப் பிறகு பிடிக்கலாம், தோளைத் திருத்த ரெயிலரால் இலேசில் முடியாது.

கோட் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். மடித்துப் பைக்குள் திணிக்கவும் வேண்டாம். உட்புறம் வெளியே வர இரண்டாக மடித்து, சட்டகத்தில் கொழுவித் துணிப்பையால் மூடிக் கொண்டு வாருங்கள், அல்லது அலுவலகத்திலேயே விட்டுவிடுங்கள். போட்டுக் கழற்றியதும் அலுமாரிக்குள் அடைக்காமல் காற்றுப் படக் கொழுவுங்கள். கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் வெள்ளையாக உப்புப் படிந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காய விடுங்கள். வாளியில் ஊறப்போட்டால் தோள் பஞ்சு கட்டியாகிவிடும். மாரியில் கிழமைக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பாருங்கள், பூஞ்சணம் முதலில் கழுத்துப் பட்டியின் அடியில்தான் தொடங்கும்.

உள் பையின் ஓரத்தில் உங்கள் பெயரை நூலால் தைத்து விடுங்கள். சட்டத்தரணிகள் அறையில் மத்தியானம் பத்துக் கோட் வரிசையாகத் தொங்கும், எல்லாம் கறுப்பு, அளவும் கிட்டத்தட்ட ஒன்று. தவணை கூப்பிடும் அவசரத்தில் யாரும் நின்று பார்த்து எடுக்கப் போவதில்லை.